ஜெட்டை மாற்றும் முன்: உப்புக் காற்றில் பந்தயக் கார்புரேட்டரும் எரிபொருள் வழியும்

பெட்ரோலையும் காற்றையும் கலந்து என்ஜினுக்குத் தரும் கார்புரேட்டர் பொருத்திய பந்தய இருசக்கர வண்டி எதிர்பார்த்தபடி ஓடவில்லை என்றால், பேச்சு உடனே ஜெட் எண்ணுக்குப் போய்விடுகிறது. பெட்ரோல் அளவாகப் பாயும் துளையுள்ள மெயின் ஜெட்டை ஒரு படி ஏற்றுவதா, இடைத் திறப்பில் பெட்ரோலை அளக்கும் நீடிலின் கிளிப்பை ஒரு காடி இறக்குவதா, பெரிய கார்புரேட்டராகவே மாற்றிவிடுவதா என்று விவாதம் நீள்கிறதே தவிர, கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கி நிற்கும் ஃப்ளோட் கிண்ணத்தின் அடியில் என்ன கிடக்கிறது என்று பார்க்க எவரும் அவசரப்படுவதில்லை. தொண்டியில் தொடங்கி தேவிபட்டினம், மண்டபம், கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம் என்று மூக்கையூர் வரை நீளும் இராமநாதபுரம் கரையில் இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம். இங்கே வண்டியைக் கெடுப்பவை பெரும்பாலும் உப்பு, ஈரம், நுண்மணல், எத்தனால் ஆகியவைதான். அவை உண்டாக்கும் பிழை, ஜெட்டை ஒரு படி மாற்றிச் சரிசெய்யக்கூடிய பிழையைவிடப் பல மடங்கு பெரியதாக இருக்கிறது.

2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-6 புகை மாசு விதிகள் நடைமுறைக்கு வந்தபின் புதிய இருசக்கர வண்டிகள் பெரும்பாலும் ஃப்யூவல் இன்ஜெக்‌ஷனுக்கு மாறிவிட்டன. எனவே கார்புரேட்டர் இன்று பழைய வண்டிகளிலும், அவற்றிலிருந்து உருவாக்கிய பந்தய வண்டிகளிலுமே மிச்சமிருக்கிறது. தமிழ்நாட்டில் அவற்றுள் அதிகம் பேசப்படுவது, 1985 முதல் 1996 வரை இந்தியாவில் தயாரான யமஹா ஆர்எக்ஸ் 100. 98 சிசி டூ ஸ்ட்ரோக் என்ஜினும் 20 மி.மீ. மிகுனி விஎம் வகைக் கார்புரேட்டரும் கொண்ட அந்த வண்டியைப் பந்தயத்துக்குத் தயார்செய்பவர்கள் 24, 26, 28 மி.மீ. அளவுகளுக்குத் தாவுவது வழக்கம். அளவு எதுவாயினும் வேலை செய்யும் விதம் ஒன்றே. குழலின் வழியாகக் காற்று விரையும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. வென்ட் குழாய் வழியாக வெளிக்காற்றோடு தொடர்புடைய கிண்ணத்தில் அழுத்தம் குறைவதில்லை. அந்த வேறுபாடு பெட்ரோலை ஜெட்டின் துளை வழியாக மேலே தள்ளுகிறது. ஆகவே கலவையைத் தீர்மானிப்பவை கிண்ணத்தில் பெட்ரோல் நிற்கும் மட்டம், துளையின் விட்டம், காற்று வரும் வழியின் நிலை ஆகிய மூன்றுமே. பழுதையும் இந்த மூன்றில்தான் தேட வேண்டும்.

எந்தப் பிழை எவ்வளவு பெரியது

வானிலையிலிருந்து தொடங்கலாம், ஏனெனில் எல்லோரும் முதலில் குற்றம் சாட்டுவது அதைத்தான். மார்கழி விடியலில் 24 டிகிரியும் அக்னி நட்சத்திர மதியத்தில் 36 டிகிரியும் இருப்பதாகக் கொண்டால், அந்த 12 டிகிரி ஏற்றத்தால் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ 4 சதவீதம் குறைகிறது; கடலோர ஈரம் ஆக்சிஜனின் பங்கை மேலும் ஓரிரு சதவீதம் குறைக்கிறது. ஆனால் கார்புரேட்டர் இதில் பாதியைத் தானாகவே ஈடுகட்டிக்கொள்கிறது. காற்று லேசாகும்போது குழலில் அழுத்த வேறுபாடும் குறைவதால், பெட்ரோலும் சற்றுக் குறைவாகவே எழும்புகிறது. கலவையின் செறிவு அடர்த்தியின் வர்க்கமூலத்தைப் பொறுத்தே மாறுகிறது. எனவே பருவம் முழுதும் சுழன்று வந்தாலும் மாற்றம் சுமார் 3 சதவீதம்தான். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 400 மீட்டர் உயரத்தில் உள்ள கோவையில் ஓட்டிச் சரிபார்த்த வண்டியை இங்கே கொண்டுவந்தால் உண்டாகும் வேறுபாடு 2 சதவீதம். விட்டத்தை எண்ணாகக் கொண்ட ஜெட்டில் 100இலிருந்து 102.5க்குப் போவது துளையின் பரப்பை 5 சதவீதம் கூட்டுகிறது. அதாவது வானிலையின் முழு வீச்சும் ஒரு ஜெட் படிக்குள் அடங்கிவிடுகிறது.

அடுத்தது பெட்ரோல். தூய பெட்ரோல் முழுமையாக எரிய எடைக்கணக்கில் 14.7 பங்கு காற்று தேவை. எத்தனாலுக்கு 9 பங்கு போதும். 20 சதவீத எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோலுக்கு இது சுமார் 13.5 ஆகிறது. எத்தனால் கலவாத பெட்ரோலுக்காக அமைத்த ஜெட்டில் இந்த எரிபொருளை ஊற்றினால் கலவை ஏறத்தாழ 8 சதவீதம் மெலிந்துவிடுகிறது, அதாவது வரும் காற்றுக்கு எரிபொருள் போதாமல் போகிறது. 10 சதவீத எத்தனாலுக்கு அமைத்ததாயின் 4 சதவீதம். இது ஒன்று அல்லது ஒன்றரை ஜெட் படிக்குச் சமம். டூ ஸ்ட்ரோக் என்ஜினை முழுத் திறப்பில் ஓட்டுகிறவர்களுக்கு இது அலட்சியப்படுத்தக்கூடிய அளவன்று, ஏனெனில் மெலிந்த கலவையில் பிஸ்டன் சூடேறிச் சிலிண்டரில் இறுகிச் சீஸ் ஆவதற்கு நீண்ட நேரம் பிடிக்காது.

இவற்றோடு உப்பு செய்யும் வேலையை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். 1 மி.மீ. துளையுள்ள மெயின் ஜெட்டின் உள்சுவரில், ஒரு மெல்லிய தலைமுடியின் பருமனுக்கு, அதாவது 0.05 மி.மீ. அளவுக்கு, வெள்ளைப் படிவு சுற்றிலும் படிந்துவிட்டால் துளை 0.9 மி.மீ. ஆகிவிடுகிறது, பரப்பில் 19 சதவீதம் போய்விடுகிறது. அதே படிவை எடுக்க ஒருவர் கம்பி விட்டுக் குடைந்து துளையை 1.05 மி.மீ. ஆக்கிவிட்டால் 10 சதவீதம் கூடிவிடுகிறது, எண் மட்டும் பழைய எண்ணாகவே நிற்கிறது. பெட்டி நிறைய ஜெட் வைத்துக்கொண்டு எதை மாட்டினாலும் வண்டி பிடிகொடுக்கவில்லை என்று சொல்லப்படும் இடங்களில் நடப்பது பெரும்பாலும் இதுதான்: துல்லியமாக அளந்து செய்யப்பட்ட ஒரு பொருளை அளவற்றதாக்கிவிட்டு, அதன்மேல் பொறித்த எண்ணை நம்பிக்கொண்டிருக்கிறோம்.

எண்ணைப் பற்றி இன்னொன்று. மிகுனியிலேயே அறுகோணத் தலை ஜெட்டின் எண் நிமிடத்துக்குப் பாயும் அளவையும், வட்டத் தலை ஜெட்டின் எண் துளையின் விட்டத்தையும் குறிக்கின்றன. வேறு நிறுவனத்தின் ஜெட்டில் அதே எண் அதே பாய்ச்சலைத் தரும் என்று எதிர்பார்க்கக் கூடாது. கடையில் கிடைக்கும் பெயரற்ற மலிவு ஜெட்டுகளைப் பற்றிப் பேசாமல் விடுவதே நல்லது.

டேங்கிலிருந்து கிண்ணம் வரை

முழுத் திறப்பில் பந்தய என்ஜின் எவ்வளவு பெட்ரோல் குடிக்கிறது என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்பவர்கள் குறைவு. 100 சிசி டூ ஸ்ட்ரோக் ஒன்றைத் திருத்தி 18 குதிரைத்திறன் எடுத்திருந்தால், அத்தகைய என்ஜின்களின் வழக்கமான செலவு விகிதப்படி நிமிடத்துக்கு 130 முதல் 150 மி.லி. வரை தேவைப்படும். கிண்ணத்தில் நிற்பதோ 30, 40 மி.லி. அளவே. டேங்கிலிருந்து வருவது பாதியாகக் குறைந்துவிட்டால், முறுக்கிய முதல் சில விநாடிகளுக்கு வண்டி ஒரு குறையுமின்றிப் பறக்கும். பிறகு மட்டம் இறங்க இறங்கக் கலவை மெலிந்து, பத்து இருபது விநாடிகளில் திக்கத் தொடங்கும். கையை விட்டுச் சற்று மெதுவாக ஓட்டினால் மறுபடி சரியாகிவிடும். 402 மீட்டர் நேர்கோட்டு டிராக் பந்தயத்தில் கிண்ணத்து இருப்பைக் கொண்டே கோட்டைக் கடந்துவிட முடியும் என்பதால் இந்தக் குறை வெளியே தெரியாது. அதே வண்டியை இருங்காட்டுக்கோட்டை போன்ற நீண்ட ஓடுதளத்தில் சுற்றுக் கணக்கில் ஓட்டும்போது பிஸ்டனோடு விலை கொடுக்க நேரிடும்.

இந்தக் கரையின் பட்டறைகளில் அடிக்கடி கேட்கும் உரையாடல் ஒன்று இப்படிப் போகும். “அண்ணே, டாப் கியர்ல முழுசா முறுக்குனா கொஞ்ச நேரத்துல தூக்கித் தூக்கிப் போடுது. மெயின் ஜெட்ட ஒரு நம்பர் ஏத்திருவமா?” “ஏத்தலாந்தான் தம்பி. மொதல்ல ட்யூப்பக் கழட்டி ஒரு நிமிசம் பாட்டில்ல புடி. மூடிய நல்லா மூடியே வச்சுக்க.”

மூடியை மூடியே வைக்கச் சொல்வதில்தான் நுட்பம் இருக்கிறது. கார்புரேட்டர் பக்கத்து முனையைக் கழற்றி, அளவுக் கோடுள்ள ஒரு பாட்டிலில் ஒரு நிமிடம் பெட்ரோலை விழவிட வேண்டும். முனை கார்புரேட்டர் இருக்கும் உயரத்திலேயே இருக்க வேண்டும், டேங்கில் பந்தயத்தின் முடிவில் மிஞ்சும் அளவு பெட்ரோலே இருக்க வேண்டும். மேற்சொன்ன வண்டிக்கு 250 மி.லி. வந்தால் நிம்மதி, 150க்குக் கீழே வந்தால் ஜெட்டைப் பற்றிப் பேச்சே எடுக்கக் கூடாது. அடுத்து மூடியைத் திறந்துவைத்து அதையே செய்து பார்க்க வேண்டும். திறந்ததும் பாய்ச்சல் கூடினால் குற்றவாளி மூடியின் வென்ட் துளை. உப்பும் தூசியும் சேர்ந்து அதை அடைத்திருக்கும். இரண்டு நிலையிலும் குறைவாகவே வந்தால் டேங்கின் அடியில் உள்ள பெட்ரோல் காக்கின் சல்லடை, ஃபில்டர், குழாய் என்று ஒவ்வொன்றாகக் கழற்றித் தேட வேண்டும். பெட்ரோல் இந்தப் பக்கம் வழிந்துகொண்டிருக்க அந்தப் பக்கம் என்ஜின் சூடாக இருக்கக் கூடாது என்பதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை, ஆயினும் சொல்லிவைக்கிறேன்.

டேங்கின் உட்புறத் துரு இக்கரையில் ஓயாத தொல்லை. மெல்லிய சிவப்புத் தூளாக உதிரும் துரு, மலிவான ஃபில்டரின் வலையைக் கடந்து, கிண்ணத்துக்குள் பெட்ரோல் வருவதைத் திறந்து மூடும் நீடில் வால்வின் நுனியில் போய் உட்காருகிறது. வால்வு முழுதாக மூடாமல் கிண்ணம் நிரம்பி வழிகிறது. எலுமிச்சை உப்பை வெந்நீரில் கரைத்து ஊற்றி ஓரிரவு ஊறவைத்தால் துரு கரைந்துவிடும். ஆனால் அதன்பின் சமையல் சோடா கரைத்த தண்ணீரால் அலசி, காற்றடித்து உலர்த்தி, அப்போதே டூ ஸ்ட்ரோக் ஆயிலை ஊற்றி உட்சுவர் முழுதும் படும்படி சுழற்ற வேண்டும். ஒரு மணி நேரம் தாமதித்தாலும் வெறுமையான இரும்பில் புதுத்துரு பூத்துவிடும்.

எடையைக் குறைக்க ஃபைபர் டேங்க் செய்துகொள்ளும் எண்ணம் சிலருக்கு வரும். படகுக்கு ஃபைபர் அடிக்கும் கைகள் ஊருக்கு ஊர் இருக்கும் இந்தக் கரையில் அது எளிதும்கூட. படகு வேலைக்கு வழக்கமாகப் பயன்படும் பாலியெஸ்டர் ரெசின் கடல்நீரைத் தாங்கும், ஆனால் எத்தனாலை நெடுநாள் தாங்காது. சிறிது சிறிதாக மென்மையாகிக் கரைந்து, ஒட்டும் பிசினாக, குழலின் காற்றுவழியைத் திறந்து மூடும் ஸ்லைடிலும் ஜெட்டிலும் படிகிறது. அந்தப் பிசினைப் பழைய பெட்ரோலின் படிவு என்று நினைத்துத் துடைத்துக்கொண்டே இருப்பார்கள். எத்தனாலைத் தாங்கும் ரெசினால் உள்பூச்சு கொடுக்காத டேங்கில் இன்றைய பெட்ரோலை ஊற்றுவதைவிடத் தகர டேங்கின் எடையைச் சுமப்பது மேல்.

தண்ணீர் விஷயத்தையும் இங்கேயே முடித்துவிடலாம். 10 சதவீத எத்தனால் உள்ள ஒரு லிட்டர் பெட்ரோல், சாதாரண வெப்பநிலையில் ஏறக்குறைய 5 மி.லி. தண்ணீரைத் தன்னுள் கரைத்து மறைத்துக்கொள்ளும். 20 சதவீதமாயின் இன்னும் அதிகம். அந்த எல்லை தாண்டியதும் எத்தனாலும் தண்ணீரும் ஒன்றுசேர்ந்து தனி அடுக்காகப் பிரிந்து அடியில் இறங்கிவிடுகின்றன. டேங்கிலிருந்து பெட்ரோல் வெளியேறும் வாயும் அடியில்தான், மெயின் ஜெட்டும் கிண்ணத்தின் அடியில்தான். மேலே மிஞ்சும் பெட்ரோல் எத்தனாலை இழந்து ஆக்டேன் குறைந்ததாகிவிடுவதால் அதைத் தனியே வடித்துப் பயன்படுத்துவதும் உதவாது. கண்டறிவது எளிது: கிண்ணத்தின் வடிகால் திருகைக் கழற்றி முதலில் வரும் சிறு அளவைத் தெளிவான கண்ணாடிக் குப்பியில் பிடித்து, ஐந்து நிமிடம் அசைக்காமல் வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பார்த்தால், அடியில் ஒரு கோடு தெரியும், அல்லது குப்பியைச் சாய்க்கும்போது ஒரு முத்து மட்டும் தனியே உருண்டு ஓடும். நேரே ஓடும்போது நன்றாக இருந்து, பிரேக் பிடிக்கும்போதோ வளைவிலோ மட்டும் ஒரு கணம் அணைந்து எழும் வண்டியில் இந்த முத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும், ஏனெனில் வண்டி அசையும்போது அது ஜெட்டின் வாய்க்கு நேரே வந்து போகிறது.

கார்புரேட்டரைத் திறந்தால்

கார்புரேட்டரின் உடல் துத்தநாகக் கலவையாலோ அலுமினியத்தாலோ ஆனது, ஜெட்டுகள் பித்தளை. வெவ்வேறு உலோகங்கள் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் உப்பு கலந்த ஈரம் புகுந்தால் மின்வேதி அரிப்பு தொடங்குகிறது. உடல் வெள்ளைத் தூளாகப் பூக்கிறது, பித்தளை பச்சை பிடிக்கிறது. உப்புக் காற்று உள்ளே வருவதற்குக் கிண்ணத்தின் வென்ட் குழாய் ஒன்றே போதும். முகுந்தராயர் சத்திரத்திலிருந்து தனுஷ்கோடி வழியாக அரிச்சல்முனை வரை 2017இல் திறந்த சாலையில் இருபுறமும் கடல். அங்கே நிறுத்திவைத்த வண்டியின் டேங்கைப் பிற்பகலில் விரலால் தடவினால் உப்பு கரிக்கும். வாலிநோக்கத்தில் தமிழ்நாடு உப்புக் கழகத்தின் உப்பளங்கள் இருக்கும் பக்கமும் நிலைமை வேறல்ல.

முதலில் அடைபடுவது ஐடிலிங்குக்குப் பெட்ரோல் தரும் பைலட் ஜெட், ஏனெனில் அதன் துளை பெரும்பாலும் அரை மில்லிமீட்டரைவிடவும் சிறியது. ஒன்றிரண்டு மாதம் நின்ற வண்டி, கலவையில் பெட்ரோலைக் கூட்டும் சோக் போட்டால் மட்டும் எழும்பி, சோக்கை எடுத்ததும் அணைந்துவிட்டால், அது பைலட் வழியின் அடைப்பு என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். கிண்ணத்தில் விட்டுவைத்த பெட்ரோலின் லேசான பகுதிகள் வென்ட் வழியே ஆவியாகிப்போக, மீதி வார்னிஷ் போன்ற பிசுபிசுப்பாக இறுகிவிடுகிறது. ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்து, துளை தெரிகிறதே என்று திருப்பி மாட்டிவிடுவதால் பயனில்லை. துளை வட்டமாகத் தெரிகிறதா, விளிம்பு கூர்மையாக இருக்கிறதா என்று உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்க்க வேண்டும்.

சுத்தம் செய்யக் கம்பி கூடாது என்பதற்கான கணக்கு மேலேயே வந்துவிட்டது. கார்ப் கிளீனர் திரவத்தில் ஊறவைத்து, காற்றடித்து, அதற்கும் மசியாததற்கு மீன்பிடியில் பயன்படும் தங்கூசி நரம்பைச் செலுத்தலாம். துளையைவிட மெல்லிய நரம்பாகத் தேர்ந்தெடுத்தால் பித்தளையில் கீறல் விழாது. இந்தக் கரையில் அதற்காக எங்கும் அலைய வேண்டியதில்லை, அளவு அளவாகக் கிடைக்கிறது. ஜெட்டோடு நிறுத்திவிடாமல், நீடில் ஜெட்டின் பக்கவாட்டுத் துளைகள், காற்று வரும் சிறு வழிகள், ஸ்லைடுக்கு அருகே குழலின் அடியில் ஊசிமுனையளவில் இருக்கும் பைபாஸ் துளை ஆகியவற்றிலும் திரவத்தைச் செலுத்தி, மறுமுனையில் தெறித்து வருவதைக் கண்ணால் காண வேண்டும். திரவம் அடிக்கும் முன் ரப்பர் வளையங்களையும் ஃப்ளோட்டையும் எடுத்துவிட வேண்டும். ஃபோர் ஸ்ட்ரோக் வண்டிகளில் வரும் வாக்குவம் வகையாயின் ஸ்லைடைத் தூக்கும் டயஃப்ரத்தை முதல் வேலையாக அகற்ற வேண்டும். மெல்லிய அந்த ரப்பரில் ஓர் ஊசித்துளை விழுந்தாலும் ஸ்லைடு முழுதாக எழாது.

கிண்ணத்தின் திருகுகள் இறுகிப் போவதும் இங்கே சாதாரணம். தலை மழுங்கிய திருகுகளுக்குப் பதிலாக ஸ்டெயின்லெஸ் ஆலன் போல்ட் போடுவது அழகாகத்தான் இருக்கும், ஆனால் உப்பு ஈரத்தில் அது துத்தநாக உடலின் மரையை இன்னும் வேகமாக அரித்துவிடும்; மரையில் கிரீஸ் தடவாமல் அதை மாட்டக் கூடாது.

ஃப்ளோட் மட்டத்தைச் சரிபார்க்காமல் மூடுவது பாதி வேலை. கார்புரேட்டரைத் தலைகீழாகப் பிடித்து, ஃப்ளோட்டின் நாக்கு நீடில் வால்வின் ஸ்பிரிங்கைத் தொட்டும் அழுத்தாமலும் இருக்கும் நிலையில், உடலின் விளிம்பிலிருந்து உயரத்தை அளந்து, அந்தக் கார்புரேட்டருக்கான குறிப்போடு ஒப்பிட வேண்டும். அதைவிட நம்பகமானது, வடிகாலில் ஒரு தெளிவான குழாயை மாட்டி உயர்த்திப் பிடித்து, உள்ளே பெட்ரோல் உண்மையில் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்ப்பது. மட்டம் உயர்ந்தால் எல்லாத் திறப்பிலும் பெட்ரோல் மிகுந்து கலவை கனத்து, வண்டி சாயும்போது வழியும். தாழ்ந்தால் வேகத்தில் பட்டினி கிடக்கும். மட்டம் தவறிய கார்புரேட்டரில் செய்யப்படும் ஜெட் சோதனை எதுவும் செல்லாது.

காற்றுப் பக்கம்

பெட்ரோல் குறைவதும் காற்று கூடுவதும் என்ஜினுக்கு ஒன்றே. கார்புரேட்டரையும் சிலிண்டரையும் இணைக்கும் ரப்பர் மேனிஃபோல்டு வெயிலில் வெடித்து, வெளியே தெரியாத இடத்தில் காற்றை இழுத்துக்கொண்டிருக்கும். ஆக்சிலேட்டரை மூடிய பிறகும் என்ஜின் வேகம் இறங்கத் தயங்கி நிற்பது இதன் அடையாளம். என்ஜின் ஐடிலிங்கில் ஓடும்போது சந்தேகப்படும் இடத்தில் சோப்புத் தண்ணீரைத் தெளித்தால், வெடிப்பில் அது உறிஞ்சப்படும்போது ஓசை மாறும். கொதிக்கும் சைலன்சருக்கு அருகே பெட்ரோலைத் தெளித்துப் பார்க்கும் பழைய வழக்கத்தைக் கைவிடுவது நல்லது. டூ ஸ்ட்ரோக்கில், கிராங்க் தண்டைச் சுற்றிக் காற்றை அடைக்கும் கிராங்க் சீலும் இதே சேட்டையைச் செய்யும். என்ஜினின் வாய்கள் அனைத்தையும் அடைத்து 6 பிஎஸ்ஐ காற்றழுத்தம் கொடுத்து, முள் ஐந்தாறு நிமிடம் அசையாமல் நிற்கிறதா என்று பார்ப்பதே அதற்கான சோதனை. முள் இறங்கிக்கொண்டிருக்கும் என்ஜினுக்குப் பெரிய மெயின் ஜெட் போட்டு ஓட்டுவது, சீலுக்குப் பதிலாகப் பிஸ்டனை மாற்றத் துணிவதற்குச் சமம்.

ஃபில்டரைக் கழற்றிவிட்டு வெறும் புனலோடு ஓட்டும் மோகம் ஓடுதளத்தில் எப்படியோ, இந்தக் கரையில் தகாது. பறந்து வரும் நுண்மணல் ஸ்லைடுக்கும் குழலுக்கும் இடையே கீறலிடுகிறது. அதனினும் அஞ்சத்தக்கது, ஸ்லைடு திறந்த நிலையிலேயே சிக்கிக்கொள்வது. எண்ணெய் தோய்த்த ஸ்பாஞ்ச் ஃபில்டரும், ஆக்சிலேட்டரை விட்டதும் ‘டக்’கென்று விழும் ஸ்லைடும் வேகத்துக்காக அல்ல, உயிருக்காக.

ஜெட்டுக்கு வரும் நேரம்

இவை அனைத்தும் சரியாக இருக்கும்போது ஜெட் அமைப்பது வியக்கத்தக்க அளவுக்கு எளிதாகிவிடுகிறது. ஆக்சிலேட்டர் பிடியிலும் அதன் உறையிலும் டேப் ஒட்டி, மூடிய நிலை, கால், அரை, முக்கால், முழுமை என்று கோடிட்டுக்கொண்டு, குறை எந்தக் கோட்டில் எழுகிறது என்பதை மட்டும் கவனித்தால் போதும். மூடிய நிலையை ஒட்டிப் பைலட் ஜெட்டும் ஏர் ஸ்க்ரூவும், கால் திறப்பு வரை ஸ்லைடின் வெட்டும், காலிலிருந்து முக்கால் வரை நீடிலும், அதற்கு மேல் மெயின் ஜெட்டும் ஆள்கின்றன. எல்லைகள் ஒன்றோடொன்று சற்றே மேற்படியும். நீடிலில் கிளிப்பை மேல் காடிக்கு ஏற்றினால் நீடில் இறங்கிக் கலவை மெலியும், கீழ்க் காடிக்கு இறக்கினால் கனக்கும். ஸ்லைடின் வெட்டு எண் கூடக்கூடக் கலவை மெலியும்.

ஏர் ஸ்க்ரூவில் பலர் தடுமாறுகிறார்கள். விஎம் போன்ற கார்புரேட்டர்களில் அது ஃபில்டர் பக்கம் இருந்து காற்றை அளக்கிறது. வெளியே திருப்பினால் மெலியும். பல ஃபோர் ஸ்ட்ரோக் கார்புரேட்டர்களில் என்ஜின் பக்கம் இருக்கும் திருகு கலவையையே அளக்கிறது. வெளியே திருப்பினால் கனக்கும். ஒன்றில் பழகியவர் மற்றொன்றில் நேர் எதிராகத் திருப்பிக்கொண்டிருப்பதைக் காணலாம்.

குறை மெலிவா, கனமா என்று அறியத் தெரியாதபோது சோக்கைப் பாதி இழுத்துப் பார்ப்பது ஒரு வழி, முன்னேறினால் மெலிவு. மற்றொன்று, சீரான திறப்பில் ஓடும்போது பெட்ரோல் காக்கை மூடிவிடுவது. கிண்ணத்து மட்டம் இறங்கும்போது கலவை மெல்ல மெலிகிறது; அணைவதற்கு முன் என்ஜின் சிறிது நேரம் தெளிந்து ஓடினால், அது அதுவரை கனமான கலவையில் இருந்தது என்று பொருள். இதை முழுத் திறப்பில் செய்யவே கூடாது. இத்தகைய ஓட்டங்களுக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையோ தனுஷ்கோடி சாலையோ இடமல்ல. மோட்டார் வாகனச் சட்டத்தின் 189ஆம் பிரிவு அனுமதியின்றிப் பொதுச் சாலையில் வேகச் சோதனை நடத்துவதைத் தடுக்கிறது. முதல் முறைக்கே மூன்று மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்க அதில் இடமுண்டு.

பிளக்கின் நிறத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வதில் இப்போது கூடுதல் நிதானம் தேவை. புதுப் பிளக் மாட்டி, முழுத் திறப்பில் ஓட்டி, கிளட்சைப் பிடித்த அதே கணத்தில் என்ஜினை அணைத்துப் பார்த்தால்தான் அது முழுத் திறப்பின் நிறம். மெதுவாக உருட்டிக்கொண்டுவந்து நிறுத்திய பிளக் ஐடிலிங்கின் கதையையே சொல்லும். எத்தனால் கலந்த பெட்ரோலில் நிறம் முன்பைவிட வெளிறியே தெரிவதால், பழைய காபிப்பொடி நிறத்தைத் தேடிப் போனால் ஜெட் தேவைக்கு மேல் பெருத்துவிடும். பீங்கானின் அடிவாரத்தில், உள்ளே ஆழத்தில் தெரியும் புகை வளையத்தைப் பார்ப்பதே சரி. பீங்கானில் வெள்ளிப் புள்ளிகள் மின்னினால் அவை பிஸ்டனின் அலுமினியத் துகள்கள். அப்போது செய்யத்தக்கது ஓட்டத்தை நிறுத்துவது மட்டுமே. ஆயில் விகிதமும் ஜெட் கணக்கில் அடங்கும்: சீஸ் ஆகிவிடும் என்று பயந்து 40க்கு 1 என்பதை 20க்கு 1 ஆக்கினால், ஜெட்டைக் கடக்கும் திரவத்தில் பெட்ரோலின் பங்கு ஏறத்தாழ இரண்டரை சதவீதம் குறைந்து, கலவை மெலிந்தே போகிறது.

பந்தயம் முடிந்து வண்டியை நிறுத்திவைக்கும்போது, பெட்ரோல் காக்கை மூடி என்ஜின் அணையும் வரை ஓடவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. ஜெட்டின் வாய்க்குக் கீழே ஒரு சிறு அளவு எப்போதும் கிண்ணத்தில் மிஞ்சும், உப்பும் தண்ணீரும் தங்கியிருப்பது அந்த மிச்சத்தில்தான். வடிகாலைத் திறந்து அதை வடித்து, ஜெட்டுகளைக் கழற்றி மெல்லிய எண்ணெய் தடவி மூடியுள்ள டப்பாவில் வைத்து, டேங்கைக் காலிசெய்து உள்ளே ஆயில் சுழற்றிவிட வேண்டும். இந்த நிலையில் டேங்கின் மூடி, வென்ட் குழாய், கார்புரேட்டரின் வாய், சைலன்சரின் முனை ஆகியவற்றை உலர்ந்த துணியால் அடைத்துவைக்கலாம்; மீண்டும் எடுக்கும்போது மறவாமல் இருக்க, அடைத்த துணிகள் எத்தனை என்று ஒரு சீட்டில் எழுதி ஆக்சிலேட்டர் பிடியில் கட்டிவிட வேண்டும்.